எப்போது எழுதலாம்? – கிரெடிட் பரீட்சைகளின் கதை

எங்கள் தொழிலில் கிரெடிட் என்றால் இரண்டு அர்த்தம்தான். ஒன்று வரவு, இன்னொன்று கடன். பி.காம். முதல் வருஷத்தில் டெபிட் எது கிரெடிட் எது என்று குழம்பிய காலத்திலிருந்து இன்றுவரை மூன்றாவது அர்த்தம் ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றியதில்லை. போன வருஷம் அமெரிக்காவில் இருக்கும் அக்கா பெண், "மாமா, ஒரு பரீட்சை எழுதினா மூணு கிரெடிட் கிடைக்கும், அந்தக் கோர்ஸே எடுக்க வேண்டாம்" என்று சொன்னபோதுதான் இந்த மூன்றாவது கிரெடிட்டின் பூர்வீகத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, இது பென்ஷன் விவகாரத்தில் பிறந்த குழந்தை என்று தெரிந்தது. பிறகு விடுவேனா?

கதை 1905-ல் ஆரம்பிக்கிறது. ஆண்ட்ரூ கார்னகி என்ற எஃகு முதலாளி கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் கொடுப்பதற்காக ஒரு கோடி டாலரை எடுத்து வைத்தார். அந்தக் காலத்துப் பேராசிரியர்களுக்கு ரிடையர் ஆனால் கையில் ஒன்றும் கிடையாது. பணம் தயார், வாங்க ஆளும் தயார். ஒரு சின்னச் சிக்கல்: எது கல்லூரி? அன்றைய அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே தெளிவான வேலி இல்லை. பெயர்ப்பலகையில் காலேஜ் என்று எழுதியிருந்தால் காலேஜ். பென்ஷன் கொடுக்கும் அறக்கட்டளை ஒரு அளவுகோல் வைத்தது. பள்ளியில் 14 'யூனிட்' படித்தவர்களை மட்டும் சேர்ப்பதுதான் கல்லூரி. ஒரு யூனிட் என்றால் ஒரு பாடத்தை ஒரு வருஷத்தில் சுமார் 120 மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து படிப்பது. பென்ஷன் வேண்டுமானால் இதை ஒப்புக்கொள். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்! இன்றுவரை அதற்குக் கார்னகி யூனிட் என்றுதான் பெயர்.

1910-ல் மோரிஸ் குக் என்ற எஞ்சினியர், தொழிற்சாலைகளில் உற்பத்தியை அளப்பது மாதிரிக் கல்லூரிகளையும் அளக்கலாம் என்று அதே அறக்கட்டளைக்காக ஓர் அறிக்கை எழுதினார். ஒரு மாணவன் ஒரு மணி நேரம் என்பது அவருடைய அலகு. அமெரிக்கக் கல்லூரிகளின் 'கிரெடிட் அவர்' வேரூன்றியது இந்த வழியில்தான். ஆக, கிரெடிட் அளந்தது அறிவை அல்ல, நாற்காலியில் உட்கார்ந்த நேரத்தை. அளப்பதற்கு நேரம்தான் சுலபம். எங்கள் கிளையிலும் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் இருக்கிறது, அறிவு ரிஜிஸ்டர் இல்லை :-)

இதில் ஒரு கேள்வி தொக்கி நின்றது. வகுப்பில் உட்காராமலே விஷயம் தெரிந்தவனை என்ன செய்வது?

லண்டன் பல்கலைக்கழகம் இதற்கு முன்பே ஒரு பதில் சொல்லியிருந்தது. 1858-ல் வந்த சாசனப்படி எந்தக் கல்லூரியில் படித்தாய் என்று கேட்காமல் யார் வேண்டுமானாலும் வந்து பரீட்சை எழுதலாம். அதற்கு முந்தின வருஷம் பிறந்த நம் மெட்ராஸ், கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களும் லண்டன் அச்சில் வார்த்தவைதான். பாடம் சொல்லிக்கொடுக்காமல் பரீட்சை மட்டும் நடத்துவதற்காக ஆரம்பிக்கப்பட்டவை. ஆனால் அங்கெல்லாம் பரீட்சை என்பது முழுப் பட்டத்துக்கு. எல்லாப் பாடத்திலும் தேறு, இல்லாவிட்டால் போ. இந்த ஏற்பாட்டில் அடிபட்ட மிகப் பெரிய ஆள் நம் ராமானுஜன். 1904-ல் உதவித்தொகையோடு கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்து அதை இழந்து, 1906-ல் பச்சையப்பன் கல்லூரிக்குப் போய் எஃப்.ஏ.வில் தோற்று, 1907-ல் தனித் தேர்வராக எழுதி மறுபடியும் தோற்றார். கணக்கில் அவர் தயாரா என்று யாரும் கேட்கவில்லை. மற்ற பாடங்களோடு சேர்த்துத்தான் கேட்டார்கள். பாடம் பாடமாகத் தனித்தனியே வரவு வைக்கும் முறை அன்று இருந்திருந்தால் கணக்குப் பக்கமாவது நிரம்பியிருக்கும். பட்டம் அப்போதும் வந்திருக்காது என்பது வேறு விஷயம்.

சரி, அமெரிக்காவுக்கே திரும்புவோம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் சிகாகோ.

ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ் என்பவர் 1929-ல் முப்பது வயதில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவரானார். முப்பது வயதில் நம்மை ஒரு கிளைக்கு மேனேஜராகப் போட்டாலே அம்மா ஊரெல்லாம் சொல்லுவாள். 1931-ல் அங்கே புதுத் திட்டம் வந்தது. வகுப்புக்கு வருவது கட்டாயமில்லை. கிரெடிட் எண்ணிக்கை கிடையாது. பாடத்துக்கு ஒரு பெரிய பரீட்சை, பல மணி நேரம் எழுதவேண்டியது. அதை எப்போது எழுதுவது? மாணவன் தான் தயார் என்று நினைக்கும்போது எழுதலாம். இதை முதலில் படித்தபோது நம்ப முடியாமல் இரண்டாவது தடவை படித்தேன். பரீட்சைத் தேதியைப் பல்கலைக்கழகம் சொல்லும், பையன் பயப்படுவான் என்பதுதான் நமக்குத் தெரிந்த உலக நியதி. அங்கே பதினெட்டு வயதுப் பையனிடம் 'நீ தயாரா இல்லையா என்பதை நீயே சொல்' என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டுவிடவில்லை. இரண்டு ஏற்பாடு செய்திருந்தார்கள். முதலாவது, பாடம் நடத்துகிறவர் வேறு, மதிப்பெண் போடுகிறவர் வேறு. பரீட்சைக்கென்றே தனி வாரியம், அதற்குத் தலைமை லூயி தர்ஸ்டன் என்ற உளவியலாளர். வங்கியில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். மேக்கர்-செக்கர்! வவுச்சர் போட்டவனே பாஸ் பண்ணக்கூடாது. இதனால் வாத்தியாருக்கும் மாணவனுக்கும் இருந்த உறவே மாறிப்போனது. இருவரும் ஒரே பக்கம், எதிர்ப்பக்கம் வாரியம். இரண்டாவது ஏற்பாடு இன்னும் சூட்சுமமானது. நடுவில் நடக்கும் பரீட்சைகளின் மதிப்பெண் கணக்கில் சேராது. அது வெறும் ஆலோசனை. 'இந்த நிலையில் பெரிய பரீட்சை எழுதினால் உன் கதி இது' என்று காட்டும் கண்ணாடி. கண்ணாடிக்காகப் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் பார்க்காமல் வெளியே போகவும் முடியாது.

1942-க்குப் பிறகு பள்ளிப் படிப்பில் இரண்டு வருஷம் பாக்கி இருக்கும்போதே பையன்களை இந்தக் கல்லூரியில் சேர்த்துக்கொண்டார்கள். உள்ளே வந்ததும் ஒரு தேர்வு; தெரிந்த பாடத்தை மறுபடி படிக்க வேண்டாம். டி.என்.ஏ. புகழ் ஜேம்ஸ் வாட்சன் 1943-ல் பதினைந்து வயதில் அங்கே சேர்ந்தவர். கார்ல் சேகன் 1951-ல் பதினாறு வயதில். அதே 1951-ல் ஹட்சின்ஸ் வெளியேறினார். அந்தப் பத்தாண்டுக்குள் திட்டமும் மெல்லத் தேய்ந்து மற்ற கல்லூரிகள் மாதிரியே ஆகிவிட்டது. நேரத்தை அளப்பவர்கள்தான் கடைசியில் ஜெயிக்கிறார்கள்.

இதற்கிடையே யுத்தம். முதல் உலகப் போர் முடிந்தபோது, திரும்பி வந்த சிப்பாய்களுக்குப் பல கல்லூரிகள் மொத்தமாகக் கிரெடிட்டை வாரி வழங்கியிருந்தன. 'போர்முனைக்குப் போனாயா? பிடி பதினைந்து கிரெடிட்' என்கிற தினுசு. கடன் தள்ளுபடி மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். அது மறுபடி நடக்கக்கூடாது என்று இரண்டாம் போரின்போது கவனமாக இருந்தார்கள். 1942-ல் விஸ்கான்ஸின் மாநிலத்து மேடிசன் நகரில் படைவீரர்களுக்கான தபால் வழிக் கல்வி நிறுவனம் ஒன்று ஆரம்பித்தது. அயோவா பல்கலைக்கழகத்து லிண்ட்குவிஸ்ட் என்பவர் தலைமையில் ஜி.இ.டி. தேர்வுகள் உருவாயின. பதுங்குகுழியிலும் கப்பலிலும் மருத்துவமனைக் கட்டிலிலும் படித்தவனுக்கு எவ்வளவு தெரியும் என்று எப்படிச் சொல்வது? அதே கேள்வித்தாளை சாதாரணப் பள்ளியில் கடைசி வருஷம் படிக்கிறவர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் வாங்குவது எவ்வளவோ அதுதான் தராசுக் கல். 1944-ல் வந்த சட்டத்தின்படி சுமார் 22 லட்சம் முன்னாள் வீரர்கள் கல்லூரிக்குப் போனார்கள்.

தராசுக் கல்லை இப்படி வெளியிலிருந்து எடுக்கும் பழக்கம் அப்படியே தொடர்ந்தது. 1954-ல், பள்ளியிலேயே கல்லூரிப் பாடம் படித்தவர்களுக்கான முதல் சோதனைத் தேர்வுகள் நடந்தன (பிறகு ஏ.பி. என்று பெயர் பெற்றது இதுதான், நம் ஊர் சர்வதேசப் பள்ளிகளிலும் இப்போது எழுதுகிறார்கள்). அப்போதும் அதே தாள்களைப் பன்னிரண்டு கல்லூரிகளின் முதல் வருஷ மாணவர்களிடமும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1967-ல் பள்ளி, வயது, வகுப்பு எதுவும் கேட்காத கிளெப் தேர்வுகள் வந்தன. வேலைக்குப் போகிறவர், பிள்ளை பெற்று வளர்த்துவிட்டு மறுபடி படிக்க வந்தவர், சிப்பாய், யார் வேண்டுமானாலும் எழுதலாம். அக்கா பெண் சொன்னது இந்தக் கிளெப்பைத்தான். இன்று முப்பத்து நான்கு பாடங்களில் நடக்கிறது. ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் இருக்கின்றன. வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிற பிள்ளை ஒரு மத்தியானத்தில் அம்மா சொல்லிக்கொடுத்த மொழிக்குக் கிரெடிட் வாங்கிவிடலாம். தமிழுக்கு இல்லை.

கிளெப்பில் மதிப்பெண் 20-லிருந்து 80 வரை. அமெரிக்கக் கல்விக் குழு பரிந்துரைப்பது பெரும்பாலான பாடங்களுக்கு 50. இதைப் பார்த்ததும் நம்மவர்கள் 'பாதிக்குப் பாதி சரியாகப் போட்டால் போதும்' என்று கணக்குப் போடுவார்கள். அது அப்படியில்லை. அந்த 50 என்பது சதவீதமே இல்லை. அதே பாடத்தைக் கல்லூரியில் படித்து 'சி' கிரேடு வாங்குகிறவன் எங்கே நிற்பானோ அந்த இடத்துக்குப் பெயர் 50.

அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது தனிக் கதை. வில்லியம் ஆங்காஃப் என்பவர் 1971-ல் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்றில், போகிற போக்கில், கிட்டத்தட்ட அடிக்குறிப்பாக, ஒரு வழியைச் சொல்லிவிட்டுப் போனார். யோசனை தன்னுடையதுகூட இல்லை, சக ஊழியர் டக்கர் சொன்னது என்று நேர்மையாக எழுதியும் வைத்தார். வழி இதுதான். பாடம் நடத்துகிற பேராசிரியர்கள் சிலரை ஓர் அறையில் உட்கார வை. 'தேறலாம், ஆனால் மயிரிழையில்தான்' என்ற நிலையில் இருக்கும் ஒரு மாணவனைக் கற்பனை செய்யச் சொல். ஒவ்வொரு கேள்வியாக எடுத்து, அப்படிப்பட்ட நூறு பேரில் எத்தனை பேர் இதற்குச் சரியாகப் பதில் சொல்வார்கள் என்று மதிப்பிடச் சொல். எல்லாவற்றையும் கூட்டினால் தேர்ச்சி மதிப்பெண். அடிக்குறிப்பு இன்று உலகமெங்கும் டாக்டர், நர்ஸ் உரிமத் தேர்வுகள் வரை ஆட்சி செய்கிறது.

இருபது வருஷத்துக்கு மேல் கடன் விண்ணப்பம் பார்த்தவன் என்ற முறையில் அந்த மயிரிழை மாணவனை எனக்கு நன்றாகத் தெரியும். கொடுத்தால் கட்டிவிடுவான், ஒரு மாதம் வியாபாரம் படுத்தால் நின்றுவிடுவான். அவனுக்கு முழுத் தொகையும் கொடுக்க மாட்டோம். நூறு ரூபாய்ச் சரக்குக்கு எழுபத்தைந்துதான். மீதி மார்ஜின். பரீட்சைக்கும் மார்ஜின் வேண்டும். எந்தப் பரீட்சை மதிப்பெண்ணும் ஆணி அடித்தது மாதிரி ஒரே இடத்தில் நிற்காது. அதே ஆள், அதே அறிவு, வேறு நாள், வேறு கேள்வித்தாள் என்றால் நாலு மதிப்பெண் ஏறும் இறங்கும். மாதிரித் தேர்வில் சரியாக எல்லைக்கோட்டில் நிற்கிறவன் நிஜத்தில் பூவா தலையா போடுகிறான்.

அக்கா பெண் விஷயம் இங்கேதான் வருகிறது. நியூ ஜெர்ஸியில் கடையில் வேலை பார்த்துக்கொண்டே கம்யூனிட்டி காலேஜில் படிக்கிறாள். ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங் பாடத்தைக் கிளெப்பில் எழுதிவிட்டால் ஒரு செமஸ்டர் பாடத்தின் ஃபீஸ் மிச்சம். பரீட்சைக்குச் சுமார் நூறு டாலர்தான். ஆனால் தவறினால் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி எழுதலாம், அதற்குள் செமஸ்டர் தொடங்கிவிடும். பாடத்துக்குப் பணம் கட்டியே ஆகவேண்டும். என் மைத்துனர், அதாவது அவள் அப்பா, அந்த வருஷம் வேலை இல்லாமல் இருந்தார்.

"மாமா, புக்கை ரெண்டு தடவ முடிச்சுட்டேன். எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருக்கு. ஆனா தேதி போடப் பயமா இருக்கு."

"தெரிஞ்ச மாதிரி இருக்கா, தெரியுமாடா கண்ணு?"

"அதான் மாமா தெரியல."

இந்த 'அதான் தெரியல' பற்றி நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் வெளியிட்ட சோதனை ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் படித்த குழு முன்னே: 83-க்கு 71 சதவீதம். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ். நான்கு முறை படித்தவர்களுக்கு 40 சதவீதம் ஞாபகம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதைவிட முக்கியமான விஷயம், 'உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும்' என்று முன்கூட்டிக் கேட்டபோது அதிக நம்பிக்கையோடு இருந்தது நான்கு முறை படித்த குழு. திரும்பத் திரும்பப் படித்தால் பக்கம் பழகிவிடுகிறது. பழகிய முகத்தைப் பார்த்தால் பேர் தெரிந்த மாதிரி இருக்குமே, அதுதான். 1999-ல் டன்னிங், க்ரூகர் இருவரும் கார்னெல் மாணவர்களிடம் கண்டதும் இதன் சொந்தக்காரன்தான். கடைசிக் கால்பங்கில் இருந்தவர்கள் நிஜத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேரைத்தான் முந்தியிருந்தார்கள். தாங்கள் அறுபத்திரண்டு பேரை முந்தியதாக நினைத்திருந்தார்கள்.

ஆக, சிகாகோவில் மாணவனிடமே கேட்டார்களே, அந்தக் கேள்வி மட்டும் தனியாகக் கேட்டால் பயன்படாது. கூடவே வைத்த அந்தக் கண்ணாடிப் பரீட்சைதான் அதைப் பயன்பட வைத்தது.

அவளிடம் நான் சொன்னது இவ்வளவுதான். புத்தகத்தை மூடு. இதுவரை பார்க்காத மாதிரித் தாள் ஒன்றை எடு. 75 கேள்வி, 90 நிமிஷம், கேள்விக்கு 72 வினாடி. செல்ஃபோனை அப்பாவிடம் கொடு. முடித்ததும் சரியாக வந்த விடைகளையும் பார், எவை ஊகம் என்று குறி. ஊகத்தில் சரியானதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடு. தேறினால் ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டு வேறொரு தாள். இரண்டாவதிலும் மார்ஜினோடு வந்தால் அன்றைக்கே தேதி போடு, தள்ளாதே. முதல் தாளில் ஊகத்தைக் கழித்ததும் எல்லைக்கோட்டுக்குக் கீழே போனாள். தேய்மானமும் பணப்புழக்க அறிக்கையும் தகராறு. மூன்று வாரம் அந்த இரண்டை மட்டும் பார்த்தாள். பிறகு எழுதி 58 வாங்கினாள். மைத்துனர் ஃபோனில், "மாப்ளே, பத்து நிமிஷம் என் ஃபோனையும் சேத்து ஒளிச்சு வச்சுட்டா" என்று அலுத்துக்கொண்டார்.

தள்ளாதே என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் கிளைகளில் இரண்டு ஜாதி உண்டு. ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. எழுதினால் இன்க்ரிமென்ட் என்பது வங்கிக்காரர் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். 1928-ல் ஆரம்பித்த வங்கியாளர் நிறுவனம் நடத்துகிற பரீட்சை. ஒரு ஜாதி, பணம் கட்டிவிட்டு 'சும்மா பார்த்துவிட்டு வருவோம்' என்று போகும். இன்னொரு ஜாதி, இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு அடுத்த தடவை என்று ரிடையர்மென்ட் வரை போகும். நான் பார்த்த அளவில் இரண்டாவது ஜாதிக்குத்தான் விஷயம் அதிகம் தெரியும், நஷ்டமும் அதிகம். இன்க்ரிமென்ட் ஒவ்வொரு மாதமும் வரக்கூடியது. ஆறு மாதம் தள்ளினால் ஆறு மாதச் சம்பள வித்தியாசம், அதன் மேல் பஞ்சப்படி, கடைசியில் பென்ஷன் வரை அதன் நிழல் விழும். இன்னொன்று, அங்கே தாளுக்கு 50 வேண்டும்; ஆனால் எல்லாத் தாளையும் ஒரே முறையில் எழுதி ஒவ்வொன்றிலும் 45-க்குக் குறையாமல் மொத்தச் சராசரி 50 வந்தாலும் தேர்ச்சி. எனவே எந்தத் தாளுக்குத் தயார் என்று தனித்தனியாகப் பார்ப்பது அங்கே பாதிக் கணக்குதான். பலமான தாள் பலவீனமான தாளுக்கு ஜாமீன் போடும்.

இங்கே கொல்கத்தாவில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மாத்யமிக் பரீட்சைக்கு முன் பள்ளியில் 'டெஸ்ட்' எழுதுகிறார்கள். டெஸ்டில் தேறினவர்களைத்தான் பெரிய பரீட்சைக்கு அனுப்புவது என்பது பழைய வழக்கம். நம் ஊர்த் திருப்புதல் தேர்வின் வங்காளச் சகோதரன். பக்கத்து வீட்டு தாதா, தன் பையனுக்கு டெஸ்ட் முடியும்வரை வீட்டில் டிவி போடவில்லை. பெரிய பரீட்சைக்குப் போட்டார்!

இப்போது நம் பிள்ளைகளுக்கும் அந்த மூன்றாவது கிரெடிட் வந்துவிட்டது. சென்னை ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்கும் என்.பி.டி.இ.எல். பாடங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். பணம் கட்டுவது பரீட்சைக்கு மட்டும். 2021 விதிப்படி கல்லூரி ஒப்புக்கொண்டால் ஒரு செமஸ்டரின் நாற்பது சதவீதப் பாடங்கள் வரை இப்படி இணைய வழியில் முடிக்கலாம். அதே 2021-ல் மத்திய அரசு இந்தக் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்க ஆரம்பித்த அமைப்பின் பெயர் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ். வட்டி கிடையாது, ஆனால் காலாவதி உண்டு.

என்.பி.டி.இ.எல். சான்றிதழில் வாராந்திர வீட்டுப்பாடத்துக்கு 25, மேற்பார்வையில் எழுதும் பரீட்சைக்கு 75. வீட்டுப்பாடத்தில் 25-க்கு 24 வாங்கிய பையன்கள் பரீட்சையில் 75-க்கு 30 தாண்டாமல் விழித்த கதைகளை இரண்டு மூன்று வீடுகளில் கேட்டுவிட்டேன். வீட்டுப்பாட விடைகள் நண்பர்கள் குழுவில் புதன்கிழமையே சுற்ற ஆரம்பித்துவிடுகின்றனவாம். பரீட்சைக்குப் பதிவு செய்யக் கடைசித் தேதி, பாடம் முடிவதற்கு முன்பே வந்துவிடும். உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ அந்தப் பணத்தைக் கேட்டு வந்து நின்றால், 24-ஐப் பார்க்காதீர்கள். மூன்றாவது வாரத்து வீட்டுப்பாடத்தை, ஃபோன் இல்லாமல், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இன்னொரு தடவை போடச் சொல்லுங்கள்.